எலும்பும் உள்ளறைகளும்: முதலில் ஓடிவருபவர் அறிய வேண்டிய உடற்கூறு

(அனுமந்தன்பட்டியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் வாழ்நாளெல்லாம் கற்பித்த பாடம் உடற்கூறியல். அதை மருத்துவக் கல்லூரியின் நான்கு சுவருக்குள் மட்டுமே கற்பிக்கிறோம் என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. கீழே ஒருவர் தென்னை ஏறுகிறார், ஒருவர் கிணற்றில் தூர் வாருகிறார், ஒருவர் மூட்டை சுமக்கிறார், ஒருவர் இருசக்கர வண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகிறார். இவர்களில் யாரேனும் விழுந்தால் முதலில் ஓடிவருபவர் மருத்துவர் அல்லர். பக்கத்து வயலில் நின்றவர், பின்னால் வந்த ஜீப்பின் ஓட்டுநர், கடைக்காரர், பள்ளி மாணவர், இவர்கள்தாம் ஓடிவருகிறார்கள். அடிபட்டவரின் உடலை முதலில் தொடும் கை அவர்களுடையது. அந்தக் கைக்கு உடலின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி. எலும்பு எங்கே இருக்கிறது, அதன் பின்னால் எந்த அறை இருக்கிறது, அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும் பெரும்பாலும் தாமே விளங்கிவிடும்.

எலும்பு என்னும் உயிருள்ள உறுப்பு

பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 270 எலும்புகள் இருக்கின்றன. வளர வளர அவற்றுள் பல ஒன்றோடொன்று இணைந்து, வளர்ந்தவர் உடலில் 206 ஆகின்றன. இவற்றில் 80 எலும்புகள் உடலின் நடு அச்சைச் சேர்ந்தவை: மண்டையோட்டில் 22, இரு காதுகளுக்குள் 6, நாவின் அடியில் 1, முதுகெலும்புத் தொடரில் 26, விலாக்கள் 24, நெஞ்செலும்பு 1. மற்ற 126 எலும்புகள் கை கால்களையும், அவற்றை நடு உடலோடு இணைக்கும் பகுதிகளையும் சேர்ந்தவை. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை ஒரு கைக்கு 27, ஒரு பாதத்துக்கு 26. இரண்டு கையையும் இரண்டு பாதத்தையும் கூட்டினால் 106 வரும். உடலின் எலும்புகளில் பாதிக்கு மேல் நாம் உழைக்கும் உறுப்பிலும் நடக்கும் உறுப்பிலுமே இருக்கின்றன.

கையின் அமைப்பை ஊன்றிப் பார்த்தவர்களில் பால் பிராண்டை மறக்க முடியாது. 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதாக உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதால்தான் அடியும் சூடும் பட்டு விரல்கள் தேய்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். நன்றாக இயங்கும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிப்போன விரல்களை விரிய வைத்தார். எந்த எலும்பின்மேல் எந்தத் தசைநாண் ஓடுகிறது என்ற நுண்ணறிவு அங்கே மனிதர்களுக்கு வேலையையும் மரியாதையையும் திருப்பிக் கொடுத்தது.

எலும்பைப் பற்றி மக்களிடம் உள்ள பெரிய தவறான எண்ணம், அது உயிரற்ற ஒரு தாங்கி என்பது. திராட்சைப் பந்தலுக்கு நட்ட கல்தூண் நட்ட நாளில் இருந்தபடியே இருக்கும்; பாரம் கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. எலும்பு அப்படிப்பட்டதன்று. அதில் ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது, ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, மற்றொரு வகைச் செல்கள் அதே இடத்தில் புதியதைக் கட்டுகின்றன. ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் நம் எலும்புக்கூடு முழுவதும் இப்படிப் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எலும்பின் உள்ளே இருக்கும் சிவப்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஆகவே ஓர் எலும்பு முறிந்தால் ரத்தம் ஓடும் ஓர் உறுப்பே கிழிந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இதன் பொருள் தொடையெலும்புக்கு வரும்போது இன்னும் தெளிவாகும்.

அறைகளின் அமைப்பு

உடலின் முக்கிய உள்ளறைகள் இரண்டு தொகுதிகளாக அமைந்திருக்கின்றன. பின்பக்கத் தொகுதியில் மண்டையறையும், அதன் தொடர்ச்சியாகக் கீழிறங்கும் முதுகெலும்புக் குழாயும் உண்டு. மூளையும் தண்டுவடமும் இங்கே இருக்கின்றன. முன்பக்கத் தொகுதியில் மேலே மார்பறை, கீழே வயிற்றறை, அதற்கும் கீழே இடுப்பறை. மார்பறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத்திரை இருக்கிறது. வயிற்றறைக்கும் இடுப்பறைக்கும் நடுவே தடுப்பு ஏதும் கிடையாது.

இந்த அறைகளின் சுவர் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனியுங்கள். மூளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் எலும்பு. நுரையீரலையும் இதயத்தையும் சுற்றி இடைவெளி விட்ட விலா எலும்புகள், ஏனென்றால் மூச்சுக்கு அந்தச் சுவர் விரிந்து சுருங்க வேண்டும். வயிற்றின் முன்புறம் எலும்பே இல்லை. உணவுக்கும் கருவுக்கும் அது இடம் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் அதன் வேலைக்கு ஏற்ற சுவர் கிடைத்திருக்கிறது. அந்தச் சுவரின் தன்மைக்கு ஏற்பவே அந்த அறைக்கு வரும் ஆபத்தும் அமைகிறது.

மண்டையறை

கைக்குழந்தையின் உச்சிக்குழியைத் தாய்மார்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அங்கே மண்டையெலும்புகள் இன்னும் சேரவில்லை. சவ்வு மட்டும் இருக்கிறது. பிரசவத்தின்போது மண்டையெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி, தலை பிறப்புவழியில் நுழைய அந்த இடைவெளிகள் உதவுகின்றன. பிறந்த பிறகு மூளை வேகமாக வளர அவை இடம் தருகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு முன் உச்சிக்குழி ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமானால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். காய்ச்சலோடு அது மேலே புடைத்துக்கொண்டிருந்தால் மண்டையறைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். இரண்டுக்கும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வளர்ந்தவரின் மண்டையறை விரியாது. அதற்குள் ஏறத்தாழ 80 விழுக்காடு மூளை, மீதியில் சரிபாதி ரத்தம், சரிபாதி மூளைத் தண்டுவடத் திரவம். ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை இந்தத் திரவத்தில் மிதப்பதால் அதன் எடை 50 கிராம் அளவுக்கே அடித்தளத்தில் அழுத்துகிறது. இத்தனை பாதுகாப்பும் இருக்கும் இடத்தில்தான் ஒரு கொடுமையும் இருக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்தால் அதற்கென்று வேறு இடம் கிடையாது. ரத்தம் சேரச் சேர மூளை அழுந்தும். கடைசியில் மூச்சை நடத்தும் மூளைத்தண்டு மண்டையின் அடித்துவாரத்தை நோக்கி நெருக்கப்படும்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டில் மண்டையெலும்பு மிக மெல்லியது. நான்கு எலும்புகள் அங்கே கூடுகின்றன. அதன் உட்புறத்தை ஒட்டி மூளையுறைக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு தமனி ஓடுகிறது. பொட்டில் அடிபட்டு எலும்பு விரிசல் கண்டால் அந்தத் தமனி கிழியக்கூடும். அடிபட்டவர் சற்று மயங்கி, பிறகு எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, நன்றாகப் பேசுவார். ‘ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்’ என்று சுற்றி நிற்பவர்கள் முடிவு செய்வார்கள். சில மணி நேரத்தில் தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் சொக்கும், பிறகு எழுப்பினால் எழமாட்டார். நடுவில் கிடைத்த அந்தத் தெளிவான நேரம்தான் அவரைக் காப்பாற்றக் கிடைத்த நேரம். தலையில் பலத்த அடி பட்டு, கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனால் இன்றைய மாலைக்குப் பயன் கிடைத்துவிட்டது.

முதுகெலும்புக் குழாய்

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5, அதன் கீழே ஐந்து இணைந்து ஒன்றான திரிகம், வாலெலும்பு என முதுகெலும்புத் தொடர் அமைந்திருக்கிறது. ஒவ்வோர் எலும்பின் பின்புறமும் ஒரு வளையம் உண்டு. வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து குழாயாகின்றன. அதற்குள் சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் இறங்குகிறது. அது இடுப்பு வரை போவதில்லை. வளர்ந்தவருக்குக் கீழ்முதுகின் முதல் இரண்டு எலும்புகள் அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புக் கற்றை மட்டும்தான். முதுகில் ஊசி போட்டால் தண்டுவடம் கெட்டுவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. பிரசவ அறுவையில் அந்த ஊசியைத் தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் போடுகிறார்கள்.

தென்னையிலிருந்து விழுபவரைப் பற்றிச் சொல்கிறேன். பலர் காலூன்றியபடி விழுகிறார்கள். அந்த விசை குதிகாலெலும்பில் தொடங்கி, கால் வழியே, இடுப்பு வழியே முதுகெலும்புக்கு ஏறுகிறது. விலாக்கள் பிணைத்து அசைவு குறைந்த மார்புப் பகுதி முடிந்து, நன்றாக அசையும் கீழ்முதுகு தொடங்கும் சந்திப்பில் அந்த விசை போய் முட்டுகிறது. அங்கேதான் எலும்பு நொறுங்குகிறது. தண்டுவடத்தின் கடைசிப் பகுதி இருப்பதும் அதே சந்திப்பில். ஆகவே உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் குதிகால் வீங்கியிருந்தால் முதுகையும் படமெடுத்துப் பார்ப்பது மருத்துவ விதி. குதிகாலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு முதுகை மறந்தால் பெரிய காயம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

எலும்பு நொறுங்கியிருந்தாலும் தண்டுவடம் பல நேரங்களில் முழுதாக இருக்கும். அதை அறுத்துவிடுவது நம் அவசரமாகவும் இருக்கலாம். கைகளையும் கால்களையும் பிடித்துத் தூக்கி, உடலை வில்லாக வளைத்து, ஜீப்பின் பின்பக்கம் மடக்கிப் போடும்போது உடைந்த எலும்பின் கூர்முனை தண்டுவடத்தில் இறங்குகிறது. விழுந்தவரை இருக்கும் இடத்திலேயே படுக்க வையுங்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி உருட்டிப் பலகையில் ஏற்றுங்கள். வாந்தி வந்தாலும் அப்படியே மொத்தமாகப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

தண்டுவடம் கெட்டவரின் வாழ்க்கை அத்தோடு முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். வேலூரில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் நடந்த வண்டி விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் படித்து, 1966இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார்.

மார்பறை

விலாக்கள் 12 இணை. மேல் 7 இணை நெஞ்செலும்போடு நேரே சேர்கின்றன. அடுத்த 3 இணை, தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. கடைசி 2 இணை முன்புறம் எதையும் தொடுவதில்லை. இந்தக் கூட்டுக்குள் மூன்று பகுதிகள்: இருபுறமும் நுரையீரல்கள், நடுவில் இதயமும் பெருங்குழாய்களும். நுரையீரலைச் சுற்றி இரட்டை உறை ஒன்று இருக்கிறது. இரு படலங்களுக்கும் நடுவே சில மில்லி லிட்டர் திரவம் மட்டுமே உண்டு. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தமே நுரையீரலை விரித்து வைத்திருக்கிறது. முறிந்த விலா குத்தியோ, கத்தி இறங்கியோ அந்த இடைவெளிக்குள் காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். ரத்தமும் அங்கே சேரலாம். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு லிட்டருக்கு மேல் தேங்க இடமுண்டு. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே மனிதர் வெளிறிப்போவார். மார்பிலோ வயிற்றிலோ ஏதேனும் குத்தி நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். உள்ளே கிழிந்த ரத்தக்குழாயை அப்போதைக்கு அடைத்து வைத்திருப்பது அந்தப் பொருளாகவே இருக்கலாம்.

இதயம் நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இருக்கிறது. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி இந்த அமைப்பை நம்பியே நிற்கிறது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்தும்போது மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். விலா முறிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். முறிந்த விலா ஆறும். ரத்தம் கிடைக்காத மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

வயிற்றறையும் இடுப்பறையும்

உதரவிதானம் தட்டையான திரை இல்லை. மேல்நோக்கி வளைந்த கவிகை. மூச்சை முழுதாக விட்டபோது அது ஐந்தாம் விலா அளவுக்கு ஏறி நிற்கும். அதனால் கல்லீரலும் மண்ணீரலும் வயிற்றறையைச் சேர்ந்தவையாக இருந்தும் விலாக்களுக்குப் பின்னால் இருக்கின்றன. இடது அள்ளையில் 9, 10, 11ஆம் விலாக்களின் பின்னால் மண்ணீரல் இருக்கிறது. ஜீப் கவிழ்ந்து இடது அள்ளையில் அடிபட்டவருக்கு விலா மட்டுமே முறிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

மண்ணீரல் கிழிந்தால் வலி பல நேரம் இடது தோள்பட்டையில் தெரியும். காரணம் கரு வளர்ந்த வரலாற்றில் இருக்கிறது. உதரவிதானம் கருவில் முதன்முதலில் கழுத்துப் பகுதியில் உருவாகிறது. கீழே இறங்கும்போது தன் நரம்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புவேர்களிலிருந்து வருவது. தோள்பட்டையின் தோலுக்கும் அதே வேர்களிலிருந்து நரம்பு போகிறது. கசிந்த ரத்தம் உதரவிதானத்தின் அடிப்புறத்தை உறுத்தும்போது, மூளை அதைத் தோள் வலியாகப் படித்துக்கொள்கிறது. குடல்வால் அழற்சியின் வலியும் இவ்வாறே தொப்புளைச் சுற்றித் தொடங்கி, அழற்சி வயிற்றின் உள்சுவரைத் தொட்ட பிறகுதான் வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது. அடிவயிற்று வலிக்கு வெறும் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருப்பதில் உள்ள ஆபத்து இது.

இடுப்பறையைச் சுற்றி எலும்பு வளையம் இருக்கிறது. பெண்ணின் இடுப்புவளையம் அகலமானது. அதன் நுழைவாய் பக்கவாட்டில் அகன்றும், வெளிவாய் முன்பின்னாக நீண்டும் இருக்கிறது. அதனால்தான் குழந்தையின் தலை வரும் வழியில் திரும்பிக்கொண்டு வருகிறது. இந்த வளையம் நசுங்கி உடைந்தால் உட்புறச் சிரைகள் கிழிந்து, லிட்டர் கணக்கில் ரத்தம் உள்ளேயே கொட்டும். வளர்ந்தவர் உடலில் மொத்தம் 5 லிட்டர் அளவே ரத்தம் இருக்கிறது. தொடையெலும்பு முறிந்தால், தோல் கிழியாமலே, தொடைத் தசைக்குள் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தேங்கிவிடும். எனவே இடுப்பு உடைந்திருக்கும் என்று தோன்றினால் மடித்த வேட்டியோ சேலையோ எடுத்து, தொடை மேலே இருபுறமும் புடைத்துத் தெரியும் எலும்பு மட்டத்தில் சுற்றி இறுகக் கட்டுங்கள். தொடை முறிந்திருந்தால் அதை நல்ல காலோடு சேர்த்துக் கட்டி அசையாமல் வையுங்கள். அதை நிமிர்த்தவோ நீவிவிடவோ முயல வேண்டாம். அறுவை தேவைப்படக்கூடும் என்பதால் குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

உழைப்பு எலும்பில் எழுதுவது

விபத்து ஒரு நொடியில் செய்வதை அன்றாட உழைப்பு மெல்ல மெல்லச் செய்கிறது. ஏலச்செடியின் காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கிறது. நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் பறிக்க வேண்டியிருக்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குகள் 23. முதுகுத் தொடரின் நீளத்தில் கால் பங்கு அவற்றுடையது. குனிந்தபடி பாரம் தூக்கும்போது கடைசி இரண்டு டிஸ்க்குகள்மேல் அழுத்தம் மிகுதியாக விழுகிறது. குறுக்கு வலி காலுக்கு இறங்கினால் அங்கே நரம்பு அழுந்துகிறது. சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திராட்சைப் பந்தலின் கீழ் வேலை செய்பவரின் கை எப்போதும் தலைக்கு மேல் இருக்கிறது. தோள்மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. அதனால்தான் கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. அந்த மூட்டைப் பிடித்திருக்கும் தசைநாண், மேலே உள்ள எலும்பு விளிம்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் அளவேயான இடைவெளியில் நுழைந்து போகிறது. கை உயரும்போதெல்லாம் அது நெருக்கப்படுகிறது. கவாத்து நாட்களில் ஏன் தோள் வலிக்கிறது என்பதற்கு விடை இதுவே. உயரமான மணைமேல் நின்று, கை தோள் மட்டத்துக்கு மேல் போகாதபடி வேலை செய்வதும், இடையிடையே கையை இறக்கி ஓய்வு கொடுப்பதும் அந்தத் தசைநாணைக் காக்கும். பண்ணை உரிமையாளர்கள் இதைச் செலவாக எண்ணாமல் கடமையாக எண்ண வேண்டும்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். முப்பது வயதை ஒட்டி எலும்பின் அடர்த்தி உச்சத்தை அடைகிறது. பிறகு நாம் செலவழிப்பது அந்தச் சேமிப்பைத்தான். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு அது வேகமாகக் கரைகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகும், முட்டையும், பாலும், வெயிலும், ஓடி விளையாட விடுவதும் வளரும் வயதில் மகனுக்குக் கிடைப்பதுபோலவே மகளுக்கும் கிடைக்க வேண்டும். அறுபது வயதில் ஒரு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிவதற்கான காரணம் அவர் பதினைந்து வயதில் உண்ட தட்டிலும் இருக்கிறது.

இந்த அறிவு நம்மிடம் வந்த வழி

இவ்வளவையும் மனிதகுலம் எப்படித் தெரிந்துகொண்டது? பதுவாவில் உடற்கூறு கற்பித்த வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட நூலில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐயமின்றி ஏற்கப்பட்டிருந்த பல செய்திகளை, தானே அறுத்துப் பார்த்ததன் வலிமையில் திருத்தினார். மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு என்பது அவற்றுள் ஒன்று. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836இல் மதுசூதன் குப்தா, சமூகத்தின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மனித உடலை அறுத்துப் பாடம் நடத்தினார்.

தமிழர்களுக்கு இதில் தனிப்பெருமை உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் பயின்ற மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவருடைய முயற்சியில் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒவ்வோர் எலும்பும் நம் மொழியில் கற்பிக்கப்பட்டது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இன்று அதைத் தமிழில் சொல்லிக்கொடுக்கத் தடை ஏதும் இல்லை.

இந்த வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பக்கமும் இருக்கிறது. உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பல்லாண்டுக் காலம் எலும்புக்கூடுகள் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் கல்கத்தா வழியாக, ஏற்றுமதியாயின. அவை பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1985இல் நடுவண் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்தக் கடனை நாம் தீர்க்கக்கூடிய ஒரே வழி, சம்மதித்துத் தருவோரின் உடலைக் கொண்டு கற்பதும், கற்றதை ஏழைக்குத் திருப்பித் தருவதும்தான்.

அந்தச் சம்மதத்தில் நம் தேனி மாவட்டம் முன்னே நிற்கிறது. உறுப்புக்கொடை அளிப்போருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. அதன்படி முதல் மரியாதையைப் பெற்றவர் இதே பள்ளத்தாக்கின் சின்னமனூரைச் சேர்ந்தவர். விபத்தில் மூளைச்சாவு அடைந்த அவருடைய உறுப்புகளைக் குடும்பத்தார் பிறருக்குக் கொடுத்தார்கள். துக்கத்தின் உச்சத்தில் அப்படி ஒரு முடிவெடுத்த அந்தக் குடும்பத்தை இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன்.

என் மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, ஆசிரியர்களுக்கு. பள்ளிக்கு ஒரு நல்ல எலும்புக்கூட்டு மாதிரி வாங்குங்கள். அலமாரியில் பூட்டி வைக்காமல் மாணவர் கையில் கொடுங்கள். அனுமந்தன்பட்டியில் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், தன் உடலைத் தொட்டு, ‘இது காறையெலும்பு, இது நெஞ்செலும்பு, இந்த விலாவின் பின்னால் மண்ணீரல்’ என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, ஜீப் ஓட்டுநர்களுக்கும் தோட்டத்து மேஸ்திரிகளுக்கும் சுமைப்பணித் தோழர்களுக்கும். ஒவ்வொரு ஜீப்பிலும் ஓர் ஆள் நீளப் பலகையும், இரண்டு பழைய வேட்டிகளும் இருக்கட்டும். 108க்கு அழைத்துவிட்டு, அது வரும்வரை இன்று சொன்னவற்றைச் செய்யுங்கள். காப்பாற்றப் போனால் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். உதவுபவர்களைக் காக்கும் நெறிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது; 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் அந்தப் பாதுகாப்பைத் தந்துவிட்டது. செலவுக்கும் அஞ்ச வேண்டாம். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், 2021 டிசம்பர் முதல், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது.

மூன்றாவது, எல்லாக் குடும்பங்களுக்கும். உறுப்புக்கொடை பற்றியும் உடற்கொடை பற்றியும் நல்ல நாளிலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் எலும்பையும் அறைகளையும் கற்பது மனித உடலிலிருந்துதான். நாளைக்கு உங்கள் பேரனின் முறிந்த தொடையைச் சரிசெய்யும் கை அங்கேதான் பழகுகிறது.

இந்த அறக்கட்டளையார் முன்வந்தால், ஓட்டுநர்களுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் தமிழிலேயே முதலுதவியோடு சேர்த்து உடற்கூறு கற்பிக்கும் வகுப்பை இந்த ஊரில் தொடங்கலாம். பாடத்தை நான் எழுதித் தருகிறேன், கற்பிக்கவும் வருகிறேன். அடுத்த ஆண்டு இதே மேடையில் சொற்பொழிவாற்ற வருபவர், அந்த வகுப்பில் பயின்றவர்களை முன்வரிசையில் காண வேண்டும் என்று வேண்டுகிறேன்.